பச்சை மிதவை அறிவிப்பு

...சோப்பு டப்பா அளவுதாங்க இருக்கு அந்த விளக்கு. ஆளுயரக் கண்ணாடி வச்சு, நின்னு நிதானமாச் சுத்தின விளக்கக் கழட்டிட்டு, கலங்கரை விளக்கம்னு இதக் கொண்டுவந்து மாட்டியிருக்காங்க. முன்னால பத்து விநாடிக்கு ஒரு தடவை ஒளி வரும். ஒரு பெரியவர் தலையத் திருப்பி நம்மள ஒரு பார்வை பாத்துட்டுப் போற மாதிரி இருக்கும். இப்ப என்னடான்னா, கண்ணுல தூசி விழுந்தவன் மாதிரி வெடுக் வெடுக்குன்னு சிமிட்டுது.

உக்காருங்க. விசாரணை அதிகாரி இன்னும் டீ குடிச்சு முடிக்கல. இந்த ஃபேன் ஓடாது. இதே துறைமுக ஆபீசுல முப்பத்தொரு வருசமா எழுத்தரா இருக்கேன், இது ஓடி நான் பாத்ததில்ல. இந்தாங்க, என் சட்டைப் பையில ஒரு காகிதம் இருக்கு, இதால விசிறிக்குங்க. பரவால்ல, வச்சுக்குங்க.

முழங்கால்ல என்ன கட்டு? ஓ... நீங்களும் அந்தப் பயணிப் படகுலதான் வந்தீங்களா. சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்களா. அடடா. முந்தாநேத்து படகு மணல்ல ஏறின வேகத்துல விழுந்திருப்பீங்க.

படகு ஓட்டினவர் வேற யாருமில்ல, என் சம்பந்தி. என் பொண்ணு அவர் மகனுக்குத்தான் வாழ்க்கப்பட்டிருக்கா. இன்னிக்கு உள்ள என்ன எழுதறாங்களோ, அதுல இருக்கு அவரோட லைசென்சு. இருபத்தாறு வருசம் ஒரு சிராய்ப்பு இல்லாம ஓட்டின மனுசர்.

எல்லாம் இந்த மாத்தத்தால வந்த வினை. துறை வாசல்ல பழைய இரும்பு மிதவை ஒண்ணு இருந்துச்சு, மணி கட்டினது. அலை அசைச்சா தானா அடிக்கும், காதாலயே வழி தெரிஞ்சுக்கலாம். மணல்திட்டு நகந்துடுச்சுன்னு அத எடுத்துட்டாங்க. வேற இடத்துல, பிளாஸ்டிக்குல, பச்சையா ஒண்ணு. எங்க வீட்டம்மா பாத்துட்டு, "யாரது, தண்ணித்தொட்டியக் கடல்ல விட்டது"ன்னா.

மாத்தறது அவங்க. ஊருக்குச் சொல்றது நான். தலைமையகத்துலருந்து இங்கிலீசுல ஒரு காகிதம் வரும், காலைக்குள்ள தமிழ்ல வேணும்பாங்க. படித்துறைப் பலகையில சுண்ணக்கட்டியால எழுதி வைக்கறதும் நான்தான்.

டைப் அடிக்கிற அம்மா இதுக்கும் ஒரு தமிழ் அடிச்சுக் கொண்டுவந்தாங்க. "துறைக்குள் நுழையும் படகுகள் பச்சை மிதவையைத் தமது வலப்பக்கமாக வைத்துக் கடந்து செல்லவும்." கேட்டீங்களா. மணல வாயில போட்டு மென்ன மாதிரி இல்ல? விடியக்காலையில பாசுரமும் பதிகமுமா நூறு ஓதாம பச்சத் தண்ணி பல்லுல படாது எனக்கு. அந்தக் காதுக்கு இத எப்படிக் குடுக்கறது? ஃபைலுக்கு அவங்களோடது போயிடுச்சு, போகட்டும். பலகைக்குக் கொஞ்சம்... மெருகு போட்டேன். அவ்வளவுதான்.

சம்பந்தி, "பலகையில இருந்தபடிதான் ஓட்டினேன்"ங்கறார். இவங்க ஃபைல எடுத்துக் காட்டி, "இதுல அப்படி இல்லையே, நீங்க பொய் சொல்றீங்க"ங்கறாங்க. பலகையப் போய்ப் பாத்தா வெறும் பலகை. மழை அழிச்சிடுச்சு. மழைன்னுதான் நானும் எழுதிக் குடுத்திருக்கேன்.

...என்ன அப்படிப் பாக்கறீங்க. முந்தாநேத்து மழை பெய்யலதான். கடலோரத்துல சாரல் தனியா வரும், அது ஊருக்குள்ள தெரியாது.

அவர் மேலயும் தப்பு இருக்குங்க, அதையும் சொல்லணும்ல. எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படியற ஆளு. எங்க வீட்டு விருந்துக்கு ஒரு தடவ, "சுற்றமும் நட்பும் சூழ வருக"ன்னு எழுதி அனுப்பினேன். அறுபத்திரண்டு பேர் சூழ வந்து நின்னார். மறுபடியும் உலை வைக்க வேண்டியதாப் போச்சு. அப்படிப்பட்டவர்கிட்ட...

ஏன், விசிறறத நிறுத்திட்டீங்க. படிக்கிறீங்களா. அது... பலகைக்கு நான் கைப்பட எழுதின மூலம். ரெண்டு நாளாப் பையிலயே வச்சுக்கிட்டு அலையறேன். கிழிக்கத்தான் எடுத்தேன். மனசு வரல, வரிகள் நல்லா அமைஞ்சுபோச்சு. சத்தமாவே படிங்களேன். சரி, நானே சொல்றேன்.

"மணல்திட்டு நிலைமாறக் கண்டோம், மாலுமியீர், பச்சை மிதவை வலம்வந்து நலமோடு துறைசேர்மின்."

வலம், நலம். எதுகை தானா வந்து உக்காந்துச்சுங்க, நான் கூப்பிடவே இல்ல.

அர்த்தமும் சரிதானே? மிதவை வலப்பக்கம் இருக்கணும். வலம் வந்தா அது வலப்பக்கம்தானே இருக்கும்? முதல் பாதிச் சுத்து வரைக்கும் என் தமிழ்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. மிச்சப் பாதியிலதான்... மிதவைக்குப் பின்னால மணல்திட்டு. சம்பந்தி முழுசா வலம் வரப் பாத்திருக்கார்.

படகு சுத்த ஆரம்பிச்சதும் நாலஞ்சு பேர் கைகூப்பினாங்களாமே. நீங்களுமா? ம்.

மழை இல்லைங்க. சாரலும் இல்ல. விசயம் காதுல விழுந்த உடனே ஓடிப்போய் இந்தத் துண்டாலதான் துடைச்சேன். இன்னும் சுண்ணாம்பு போகல பாருங்க. அடுத்த வாரம் எனக்குப் பணிநிறைவு. "முப்பத்தொரு ஆண்டு, ஒரு பிழையும் அறியாப் பேனா"ன்னு வாழ்த்துமடல் அச்சுக்குப் போயிருக்கு. அதையும் நான்தான் எழுதிக் குடுத்தேன்.

பொண்ணு நேத்து போன்ல கேட்டா. "அப்பா, மாமா ரெண்டு நாளாச் சாப்பிடல. பலகையில எழுதினது நீங்கதானே, என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்குமே"ன்னா. "மழை"ன்னேன். மழைக்கும் ஞாபகத்துக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்டா. வச்சுட்டேன். இன்னிக்குக் காலையில ஓத உக்காந்தேன். நூறு பாட்டும் மனப்பாடம். "வலம்"னு ஒரு சொல் வந்துச்சு, அங்கயே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு அடி நகரல.

கூப்பிடறாங்க. உங்களத்தான். மெதுவா எழுந்திரிங்க. ஐயா, அந்தக் காகிதம்... உங்க கையிலயே இருக்கு பாருங்க, அத இப்படிக் குடுத்துட்டு...

...

வேணாம். எடுத்துட்டே போங்க. அதிகாரி மேசைமேல வச்சிருங்க. கையெழுத்து யாருதுன்னு கேட்டா, வெளிய பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருக்கான்னு சொல்லுங்க. கூப்பிட்டா வரேன்.

கால் பத்திரம். கதவு உங்களுக்கு வலப்பக்கம். நேராப் போங்க... சுத்திடாதீங்க.