நாற்பது கிணறுகளும் ஞானசெல்வியும்

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஞானசெல்வியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் ராஜதுரை அவர்களுக்கும், வெயிலில் பஸ் மாறி சங்கரன்கோவில் வந்து கூடியிருக்கும் என் மக்களுக்கும் வணக்கம்.

நான் இளையரசனேந்தல் பக்கத்துக் கோமதித்தாய். படிப்பு இரண்டாம் வகுப்பு. ஆனால் நடந்த எதையும் மறக்க மாட்டேன். மூன்று வருடத்துக்கு முன், வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் மேலக்கிணற்றடியில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: மூக்காண்டி, அவர் மகன் துரைப்பாண்டி, குடிதண்ணீர் திறந்துவிடும் சுடலைமணி, அவர் மனைவி பொன்மணி, நான். எதிரே ஞானசெல்வி.

யார் இந்த ஞானசெல்வி? இந்த ஊர் விசைத்தறி வீட்டுப் பெண். நிலவியல் ஆராய்ச்சி மாணவி. எங்கள் பிள்ளைகளின் பல் ஏன் பழுப்பாகிறது, எந்தப் பாறையிலிருந்து அதற்குக் காரணமான உப்பு தண்ணீரில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க, குருவிகுளம் பக்கம் நாற்பது கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்தவள்!

வாசலில் வைத்த பேனரில் 'முனைவர்' என்று போட்டிருக்கிறீர்கள். அவள் இருந்தால் அழித்திருப்பாள். நான் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் சிரிப்பாள்.

"இன்னும் இல்ல ஆச்சி. கோர்ஸ் வொர்க் பரீட்சை எழுதியாச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்க கமிட்டி முன்னால நின்னு கணக்கு ஒப்பிக்கணும். ரெண்டு கட்டுரை அச்சுல வரணும். பெறவு தீசிஸ். அதை வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு படிச்சுச் சரின்னு சொல்லணும். கடைசில எல்லார் முன்னாடியும் நின்னு கேக்கறதுக்குப் பதில் சொல்லணும், அதான் வைவா."

"ஏட்டி, பொண்ணு பாக்க வாரவங்ககூட இம்புட்டு கேக்க மாட்டாவளே!"

"மாப்பிள்ளை வீட்டுக்குப் பொய் சொல்லலாம் ஆச்சி. வைவால சொல்ல முடியாது."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சிரிக்கவில்லை. பத்து நாள் முன்பு எடுத்த தண்ணீரில் பல கிணறுகளில் உப்புக் கணக்கு எகிறியிருந்தது; எது பாறையில் இறங்கியது, எது மனிதர் போட்டது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"யாரும் கெணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டியளா? ஏச மாட்டேன். எந்தக் கெணறுன்னு மட்டும் சொல்லுங்க. அதை விட்டுட்டு மத்ததை வச்சுக்கிடுவேன்."

மூக்காண்டி மேகத்தைப் பார்த்தார். பொன்மணி குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். சுடலைமணி என்னைப் பார்த்தார். காலேஜ் பிள்ளை வருகிறது, நம் ஊர்த் தண்ணீரை அழுக்கு என்று எழுதிவிடக் கூடாதே என்று, அவரிடம் பவுடர் வாங்கி மூன்று கிணற்றில் போட்டவள் நான்தான். சொன்னேனா? சொல்லவில்லை.

எந்த மூன்று என்று தெரியாமல் நாற்பதையும் தள்ளினார் பேராசிரியர். அடுத்த மழை வரை காத்திருந்து, எல்லாவற்றையும் மறுபடி எடுத்தாள் ஞானசெல்வி. ஒரு வருடம் போனது. அந்த வருடமும் என் வீட்டில்தான் கூழ் குடித்தாள். அப்போதாவது சொன்னேனா?

தீசிஸ் முடித்தாள். வெளியூர்க்காரர்கள் இருவரும் நல்லபடியாக எழுதி அனுப்பினார்கள். வருகிற பதினாலாம் தேதி வைவா. அதற்குள் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்! அந்த ஒரு வருடம் அவள் கையில் இருந்திருந்தால், பேனரில் இருப்பது உண்மையான எழுத்தாக இருந்திருக்கும்.

பேராசிரியர் ஐயா, மூன்று வருடமாக உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இந்த மேடையிலேயே வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் செய்தது சரி. அவள் எழுதியதை யுனிவர்சிட்டிக்குக் கொண்டுபோய் அவளுக்காகப் பேசுங்கள். நாங்களும் சொல்கிறோம்: இனி மழைக்கு முன்னும் பின்னும் நாற்பது கிணற்றுத் தண்ணீரும் உங்கள் காலேஜுக்கு வந்து சேரும். எதில் யார் எதைப் போட்டார்கள் என்பதும் சேர்ந்து வரும்.

மூக்காண்டி என் வரப்பை வெட்டியதை நாற்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்தேன். இன்றோடு விட்டேன். வாய் திறக்காத சுடலைமணியையும் பொன்மணியையும் துரைப்பாண்டியையும் விட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவள் பெயர்:

கோமதித்தாய்.