வயிற்றுவலி அட்டை

குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதில் எனக்கு எந்த அருவருப்பும் இல்லை. பல பேருக்கு அது முடியாது ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். சிறப்புக் குழந்தைகள் வகுப்பில் உதவியாளர் என்றால் மூக்கு, எச்சில், கழிப்பறை எல்லாம் என் தலையில்தான். டீச்சர் கை அழுக்காகாமல் பாடம் நடத்துவார்.

அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது, பேச்சு வராது. மகாராணி என்பது நான் வைத்த பெயர். வகுப்பில் அவளுக்கென்று ஒரு பலகை, அதில் ஒட்டி எடுக்கிற பட அட்டைகள். தம்ளர் படத்தைப் பிய்த்துக் கையில் கொடுத்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். நாம் ஓட வேண்டும். அவள் முதன்முதலாக அட்டை நீட்டிய அன்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டதற்கு அழுகை. வீட்டில் பலகை கிடையாது. அதனால் அம்மாக்காரி தினமும் வாசலில் என்னிடம் கேட்பாள், இன்று மகள் என்ன சொன்னாள் என்று. என்னமோ மகள் மேடையில் பேசிவிட்டு வந்ததைப் போல.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொம்மைப் படம் ஒன்று உண்டு. வலிக்கிறது என்று அர்த்தம். மணி கோக்கச் சொன்னால் அதை நீட்டுவாள். செருப்பு மாட்டச் சொன்னாலும் அதுதான். டீச்சர் உடனே மடியில் போட்டுக்கொள்வார். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவ சொல்றத நாம நம்பணும்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்த வாரம் அந்த அட்டையை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதல் நாள் முழுக்க மகாராணி காலி இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். கொதித்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு தம்ளர், பந்து, வீடு என்று இருந்த அட்டைகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் வாங்கித் திரும்ப ஒட்டினேன். எனக்குப் பொறுமை அதிகம்.

சாயங்காலம் அம்மாக்காரி வந்தாள். "நேத்து ராத்திரி சாப்பிடவே இல்லக்கா. உடம்பும் சுடுது. எங்கயாவது வலிக்குதுன்னு சொன்னாளா?"

"ஒண்ணுமே சொல்லலையேம்மா."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவள் சொல்லவில்லைதானே.

"அப்ப சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கும்" என்று முகம் தெளிந்து மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். பெற்றவளுக்கே தெரியவில்லை, என்னைக் கேட்கிறீர்கள்.

குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவியிருந்ததாம். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. அட்டையை எடுத்தவள் நான்தான். வயிறு கொதித்தது எனக்குத் தெரியும், அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. மறுக்க ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி நாள் மதியத்துக்குமேல் அவள் மூலையில் சுருண்டு படுத்துவிட்டாள். எதையும் தட்டவில்லை, எந்த அட்டையையும் நீட்டவில்லை, ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை. டீச்சர் எத்தனையோ மாதம் பாடுபட்டும் அடங்காத பெண், என்னிடம் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள்.