செவ்வாய்க் கிரகத்தில் லீவு

தென்காசி பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு கர்ப்பிணியும் அவள் நாத்தனாரும். கர்ப்பிணியின் புருஷன் பட்டாளத்தில் இருப்பதும், பேறுகாலத்துக்கு லீவு கேட்டுப் பதில் வராததும் இலஞ்சி தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் காது அப்படிப்பட்டது.

பத்திரிகையில் முடிந்துபோன ராக்கெட் தொடர்கதையை நாத்தனார் தானே வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குது மதினி. செவ்வாய்க் கிரகத்துல நம்ம பட்டாளம் நிக்குது. சோத்துக்குப் பதிலா மாத்திரைதான்."

"லீவு உண்டாட்டி?"

"சண்டையில எவன் லீவு குடுப்பான்? ஒரு ஆளு நகந்தாலும் செவ்வாய்க்காரன் உள்ள புகுந்துருவாம்லா."

"அப்ப அவனுக்கும் லீவு குடுத்திருட்டி. அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பால்லா."



"சரி மதினி, குடுத்தாச்சு."