செடிக்காகப் பூக்குழி இறங்குனவ

பஸ்சு வராத காலம், கரண்டு வராத காலம், நம்ம மூங்கிப்பள்ளத்துல விரல் விட்டு எண்ணுற மாதிரி வீடுக இருந்த காலம். அப்ப இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ ஒச்சம்மா. மேட்டு வீட்டுக்காரவுகளுக்குப் பாட்டிக்குப் பாட்டி. அவ அப்பன் மலை உச்சியில தொரை தோட்டத்துல காப்பிப் பழம் பறிக்கிற ஆளு. காப்பி குடிச்சே வளந்த உடம்பு. இங்க வந்தா விடிஞ்சா நீச்சத்தண்ணி, பொழுது சாஞ்சா சுக்குத்தண்ணி. மண்டையிடி தாங்கலையாம். "என்னைய எங்க கொண்டாந்து தள்ளிட்டப்பா!"ன்னு அப்பன்கிட்ட அழுதாளாம். அந்த மனுசன் மறுவாட்டி வந்தப்ப காப்பி நாத்து ஒரு கட்டு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாராம்.

புழக்கடையில பலா மரத்து நெழல்ல, கெணத்தடியிலன்னு வரிசையா நட்டா. பாத்திரம் கழுவுற தண்ணியெல்லாம் அதுகளுக்குத்தான். நாத்து செடியாச்சு. ஒரு பங்குனியில நல்ல மழை விழுந்துச்சு. ஒரு வாரத்துல கெளையெல்லாம் வெள்ளை வெளேர்னு பூ. மல்லிய விட வாசம் தூக்கலு.

வந்துச்சு வினை! பங்குனியிலதான மாரியாத்தாளுக்குப் பூச்சொரியறது? மாமியா சிட்டம்மா பூப்பொட்டியோட வந்து, ஒரு பூ விடாமப் பறிச்சுட்டா.

"அய்யோ அத்தை! பூவப் பறிச்சா காய் எங்கருந்து வரும்?"

"மல்லி பறிக்கப் பறிக்கத்தானடி பூக்கும்? நாளைக்குப் பூக்கும், போ."

"இது மல்லி இல்ல அத்தை! வருசத்துக்கு ஒருக்கதான் பூக்கும்!"

"ஆத்தாளுக்குப் போடுற பூவுக்குமா கணக்குப் பாப்ப?"

மறு வருசமும் அதே மழை, அதே பூ, அதே பொட்டி. அதுக்கடுத்த வருசம் ஊரே பொட்டியத் தூக்கிட்டு வந்துருச்சு. கொண்டையில வச்சது போக மிச்சந்தான் சாமிக்கு. ஒச்சம்மா தலையில தலையில அடிச்சுக்கிட்டாளாம். புருசன்காரன் ஒரு வார்த்தை கேக்கலாம்ல? அவன் வாயத் தொறந்தா கொட்டாவிதான் வரும்.

இதுல புருசனோட அண்ணன் மொக்கையன் வேற. "மலட்டுச் செடி. பூக்குது, காய்க்குதா? வர்ற வருசமும் காய்க்கலைன்னா வெட்டிப்புட்டு மாட்டுக்குக் கொட்டகை போட்டுருவேன்"னுட்டான். அப்படிச் சொன்னவன் துண்டுல என்ன முடிஞ்சு வச்சிருந்தான் தெரியுமா? அந்தச் செடிப் பூவுதான்!

அடுத்த பங்குனி வந்துச்சு. மழையும் விழுந்துச்சு, மொட்டும் கட்டிருச்சு. திருவிழாவுக்கு ஊருல காப்புக் கட்டுனாக. காப்புக் கட்டுனவுக மேல யாரும் கை வைக்கக் கூடாது, அவுக ஆத்தா பிள்ளைக, அது உங்களுக்கே தெரியும். ஒச்சம்மா என்ன செஞ்சா? மஞ்ச நூலுல மஞ்சக் கெழங்க முடிஞ்சு, செடிக்குச் செடி காப்புக் கட்டிப்புட்டா!

பொட்டியோட வந்த சிட்டம்மா பொட்டியக் கீழ வச்சுட்டாளாம். பூசாரியக் கூப்பிட்டாக. அவரு மோவாயத் தடவிக்கிட்டு, "கட்டுனது கட்டுனதுதான். திருவிழா முடியாம அவுக்க முடியாது"ன்னுட்டாராம்.

மொக்கையன் சிரிச்சான். "காப்புக் கட்டுனவுக பூக்குழி இறங்கணும்ல? நெருப்புல நடக்கணும்ல? செடி நடக்குமா?"

"நான் நடக்குறேன் மச்சான்! ஒரு செடிக்கு ஒரு வாட்டி நடக்குறேன்! இப்பவாவது எல்லாரும் பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போறீகளா?"

ஊரு நம்பல. ஆனா பூக்குழி அன்னிக்குச் சொன்னபடி இறங்குனா. "இது கெணத்தடிச் செடிக்கு!" ஒரு நடை. "இது பலா மரத்துச் செடிக்கு!" இன்னொரு நடை. மத்தவுக ஆத்தா ஆத்தான்னு இறங்குறாக, இவ ஊரையே வஞ்சுக்கிட்டு இறங்குறா! போகப் போக வசவு கொறஞ்சுச்சு. பாதமெல்லாம் கொப்புளம். கடைசிச் செடி ஒண்ணு பாக்கி இருக்கையில, குழிக்கரையில கால ஊண முடியாம நின்னுட்டா. அந்த ஒரு நடை கொறஞ்சாலும் மொக்கையன் சும்மா விட மாட்டான். சொன்ன சொல்லு பொய்யாச்சுன்னு கோடாலிய எடுத்துருவான்.

கூட்டத்துக்குள்ளருந்து சிட்டம்மா வந்தா. சேலையத் தூக்கிச் செருகுனா.

"தள்ளுடி. வருசா வருசம் பறிச்சவ நானு. வெந்தது ஒங்காலா?"

சொல்லிப்புட்டு அந்தக் கிழவி விறுவிறுன்னு நெருப்புல நடந்து அக்கரை ஏறிட்டாளாம். அக்கரை ஏறி, "இது எம் மருமக செடிக்கு"ன்னாளாம். ஒச்சம்மா அங்கனயே ஒக்காந்து அழுதுட்டா.

திருவிழா முடியறதுக்குள்ள பூவு தானா உதிந்து பிஞ்சு எறங்கிருச்சு. கார்த்திகைக்கு மேல செவந்துச்சு பாருங்க, குண்டுமணியாட்டம்! பறிக்க வந்த மொக்கையன் பச்சையும் செவப்புமாச் சேத்து உருவுறான். "செவந்தத மட்டும் பறிங்க மச்சான்!"னு தொண்ட கிழியக் கத்துனாளாம். அவனோட அது தீராத ரோதனை. காயவச்சு, ஒரல்ல குத்தித் தொலி நீக்கி, கருக வறுத்துப் பொடிச்சு, கருப்பட்டி போட்டு மொதக் காப்பிய மாமியாளுக்குக் குடுத்தா. சிட்டம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, "கசக்குதேடி"ன்னாளாம். மறுநா விடியுமுன்ன அடுப்படியில வந்து லோட்டாவ நீட்டிக்கிட்டு நின்னாளாம்.

இன்னிக்கு நம்ம ஊருல காப்பி இல்லாத புழக்கடை ஏது? அந்தப் பூவ எவளாவது தலையில வைக்கிறாளா? மொதக் காப்பு செடிக்குத்தான். செடிக்காகக் குழி இறங்குறது மட்டும் மருமக இல்ல, மாமியா. மருமக அக்கரையில நின்னு கால்ல பால் ஊத்தணும். முடியாதுன்னு சொன்ன மாமியா இதுவரைக்கும் கெடையாது. மொணங்கிக்கிட்டே இறங்குவாளுக, ஆனா இறங்கிருவாளுக.