எதிர்ச்சுற்று

அக்கா: ...சொன்னாக் கேளுடி, எழுந்திரு. நடந்துக்கிட்டே பேசலாம்.

தங்கை: இன்னிக்கு ஒரு நாளாவது உட்கார விடு. கால் வலிக்குது.

அக்கா: காலா வலிக்குது? கொழுப்பு.

தங்கை: ரெண்டும்தான். நீயும் உட்காரு. பெஞ்ச் கடிக்காது.

அக்கா: ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல... யாராவது பாத்தா?

தங்கை: பம்ப் ரூம் மறைக்குது. உங்க பால்கனியிலேர்ந்தும் தெரியாது, எங்க ஜன்னல்லேர்ந்தும் தெரியாது. நீதானே மொட்டை மாடி வரைக்கும் ஏறிப் பாத்துட்டு வந்து சொன்னே?

அக்கா: அப்ப மேல கிளை இருந்துச்சு. இப்ப பாரு, மரத்தையே மொட்டையடிச்சு விட்டிருக்கான்.

தங்கை: நாளைக்கு பார்க்கே இருக்காது. நீ கிளையைத் தேடிக்கிட்டிருக்கே.

அக்கா: ...தள்ளி உட்காரு.

தங்கை: வா. ...ஆறு வருஷத்துல இப்பதான்க்கா உன் பக்கத்துல உட்கார்றேன்.

அக்கா: ஆரம்பிச்சிட்டியா? அழுதேன்னு வை, எழுந்து போயிடுவேன்.

தங்கை: அழல. நெனச்சுப் பாக்கறேன். நீ வலப்பக்கமா சுத்துவே, நான் இடப்பக்கமா சுத்துவேன். ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை எதிர்ல வருவோம். எதிர்ல வர்றப்ப ஆளுக்கு ஒரு வாக்கியம். பாக்கறவங்களுக்கு யாரோ ரெண்டு பேர் வழியில நலம் விசாரிச்சுக்கிட்ட மாதிரி.

அக்கா: யாரோட மூளை அது?

தங்கை: பெரிய மூளை! அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு கேட் கிட்ட சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க நான் அரைச் சுத்து ஓடி வந்தேன்.

அக்கா: ஓடாதே, எல்லாரும் பாக்கறாங்கன்னு கண்ணைக் காட்டினேன். நீ எங்க கேட்டே? செருப்பு ஒண்ணு அங்க கெடக்கு, ஒண்ணு இங்க கெடக்கு...

தங்கை: ஆஸ்பத்திரியில சேத்தாச்சுன்னு ஊஞ்சல் கிட்ட சொன்னே. எல்லாம் முடிஞ்சுதுன்னு மறுநாள் இதே பம்ப் ரூம் கிட்ட.

அக்கா: விடு.

தங்கை: சாவு வீட்டுக்குப் போயும் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. நடுவுல உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் முறைச்சுக்கிட்டு. ஒரு டயர் கடைய சேந்து நடத்தத் துப்பில்லாம சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு நாம ஏன்க்கா...

அக்கா: மெதுவாப் பேசு. பாப்பா காதுல விழும்.

தங்கை: அவ ஊஞ்சல்ல இருக்கா. இடி விழுந்தாலும் கேக்காது.

அக்கா: வந்ததும் என்கிட்ட ஓடி வந்து, 'ஊஞ்சல் ஆன்ட்டி, தள்ளி விடுங்க'ன்னா.

தங்கை: பெரியம்மான்னு சொல்லிக் குடுக்க முடியுமா? வீட்ல போய் உளறிட்டான்னா...

அக்கா: நான் கேட்டேனா? ஆன்ட்டியே போதும்.

தங்கை: கைக்குழந்தையா தள்ளுவண்டியில வச்சு முதமுதல்ல கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல உங்க தெரு ஆளுங்க நின்னாங்க. நீ குனிஞ்சு, 'அடடா, யார் வீட்டுக் குழந்தைங்க இது, பேர் என்ன?'ன்னு மூணாம் மனுஷி மாதிரி கேட்டே.

அக்கா: நீ மட்டும்? 'உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டே, சிரிக்காம.

தங்கை: அப்புறம் இந்தப் பம்ப் ரூமுக்குப் பின்னாடி நீ அவளைத் தூக்கிட்டு வந்து... நான் வெளியில காவல் நின்னேன். எவ்ளோ நேரமாச்சு, குடுன்னா குடுக்க மாட்டேங்கறே.

அக்கா: உன் கழுத்துல அந்தத் தடிப்பு இன்னும் இருக்கே, மருந்து போடறியா?

தங்கை: போடறேன்.

அக்கா: பொய். நேத்துக்கு இன்னிக்கு அதிகமாயிருக்கு.

தங்கை: பாத்தியா... நாளைக்கு இதை யார் பாத்துச் சொல்லுவா? சொல்லேன். எங்க பாத்துக்கப் போறோம்?

அக்கா: போன் இருக்கு.

தங்கை: என் போனை அவர் தினமும் சாப்பிட்டு முடிச்சதும் எடுத்து ஒரு பார்வை பாப்பார். கேட்டா, சும்மான்னுவார். உன் நம்பர் அதுல ஒரே ஒரு தடவை இருந்தாப் போதும்... அவர் என்ன சொல்லியிருக்கார்னு உனக்குத்தான் தெரியுமே.

அக்கா: தெரியும்.

தங்கை: 'அந்த வீட்டு ஆளோட பேசணுமா, தாராளமாப் போ. பாப்பாவ இங்க விட்டுட்டுப் போ.' அதைச் சொல்றப்ப சத்தம்கூடப் போட மாட்டார்க்கா. பேப்பர் படிச்சுக்கிட்டே சொல்லுவார்.

அக்கா: எங்க வீட்டு ஆள் சத்தம் போடுவார். கூடவே தட்டும் பறக்கும். எது தேவலை, நீயே சொல்லு.

தங்கை: உனக்குத் தட்டு போகும். எனக்குப் பாப்பா போயிடுவா.

அக்கா: ...சரி. லைப்ரரி?

தங்கை: பேசக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கான்.

அக்கா: நமக்குத்தான் ஒரு வாக்கியத்துக்கு மேல பழக்கமே இல்லையே.

தங்கை: ஊஞ்சல் இருக்குமா அங்க? அஞ்சு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு லைப்ரரியாம்.

அக்கா: அப்ப மால்.

தங்கை: உட்கார்ற இடத்துல எல்லாம் எதையாவது வாங்கிச் சாப்பிடணும். வாங்கலன்னா, துடைக்க வர்றவன் நம்ம மேசையவே திரும்பத் திரும்பத் துடைப்பான். போதாததுக்கு மாமாவோட ஃப்ரெண்டு கடை கீழ்த் தளத்துல.

அக்கா: பஸ் ஸ்டாப்?

தங்கை: ரெண்டு பஸ்ஸை விட்டா, 'எங்கம்மா போகணும்?'னு கேக்க ஆரம்பிப்பாங்க. மூணாவது பஸ்ஸுல அவங்களே ஏத்தி விட்டுடுவாங்க.

அக்கா: ஏறிட வேண்டியதுதான். கடைசி ஸ்டாப் வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம்.

தங்கை: வாக்கிங்னு சொல்லிட்டு வர்றேன், முக்கால் மணி நேரம். கடைசி ஸ்டாப்பாம்... கனவு காணாதே.

அக்கா: ஆஸ்பத்திரி.

தங்கை: என்னது?

அக்கா: பெரிய ஆஸ்பத்திரியில கீழ ஒரு ஹால் இருக்கு பாரு, வரிசையா நாற்காலி போட்டு. யாரும் எதையும் வாங்கச் சொல்ல மாட்டாங்க. ஏன் உட்கார்ந்திருக்கீங்கன்னு கேக்க மாட்டாங்க. அழுதாக்கூட ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

தங்கை: இவ்ளோ பெரிய ஊர்ல ரெண்டு பொம்பளைங்க சும்மா உட்கார்ந்து பேசணும்னா, ஒருத்திக்கு நோய் வரணும்.

அக்கா: வந்தா வசதிதான். உனக்கு வரட்டுமா, எனக்கு வரட்டுமா?

தங்கை: வாயக் கழுவு.

அக்கா: சிரிச்சிட்டே.

தங்கை: சிரிக்கல. ...வீட்டு வேலைக்கு வர்றவங்க வேலியோரமா உட்காருவாங்க இல்ல? ஒரு வீடு முடிச்சு அடுத்த வீடு திறக்கற வரைக்கும் இங்கதான் கால நீட்டுவாங்க. அதுல ஒருத்தி நேத்து என்கிட்ட கேக்கறா, 'இங்க கட்டப் போற கார் நிறுத்தற கட்டடத்துல மாடிப்படி இருக்குமாம்மா, படியில உட்கார விடுவாங்களா?'ன்னு.

அக்கா: நீ என்ன சொன்னே?

தங்கை: விடுவாங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

அக்கா: ம்.

தங்கை: அக்கா... உங்க தெருக் கூட்டத்துக்கு நீ போனியா?

அக்கா: எந்தக் கூட்டம்?

தங்கை: எந்தக் கூட்டமா? பார்க்கை எடுத்துட்டுக் கார் நிறுத்த அடுக்குக் கட்டடம் கட்டலாமா, சம்மதம்னா கை தூக்குங்கன்னு... உங்க தெருவுக்குக் காலையில, எங்களுக்கு மதியம்.

அக்கா: ஓ, அதுவா. எனக்கு அன்னிக்குத் தலைவலி. படுத்துட்டேன். நீ?

தங்கை: பாப்பாவுக்கு ஜுரம். நானும் போகல.

அக்கா: ஆமா, உங்க தெருவுல இத்தனை வீடு இருக்கே, ஒருத்தருக்குக்கூடவா வாய் இல்ல?

தங்கை: உங்க தெருவுல இருந்துச்சா?

அக்கா: எங்க தெருக்காரங்க காரைக் கட்டிக்கிட்டுத் தூங்கற ரகம். உங்க பக்கம் டீச்சருங்க இருக்காங்க, டாக்டர் இருக்கார். யாராவது சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.

தங்கை: நான் உங்க பக்கம் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்.

வாட்ச்மேன்: அம்மா, கேட்டைச் சாத்தப் போறேன்... அட! ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல!

அக்கா: அது... சும்மா பேச்சுக் குடுத்தாங்க.

தங்கை: ஆமாண்ணே, இப்பதான் பழக்கம்.

வாட்ச்மேன்: இப்பதானா! சரிங்கம்மா, இப்பதான். ரெண்டு மூஞ்சியிலயும் ஒரே மூக்கு உட்கார்ந்திருக்கு, நான் என்ன கேட்டேனா?

அக்கா: அண்ணே...

வாட்ச்மேன்: பயப்படாதீங்க. இத்தனை வருஷம் திறக்காத வாய, கடைசி நாள்லயா திறக்கப் போறேன்?

தங்கை: இன்னும் வெளிச்சம்கூடப் போகலையே. அதுக்குள்ள பூட்டறீங்க?

வாட்ச்மேன்: சீக்கிரம் பூட்டச் சொல்லிட்டாங்க. வெளியில மெஷின் வந்து நிக்குது பாருங்க. சீட்டாடற பெரியவங்களை இப்பதான் அனுப்பி வச்சேன். அதுல ஒருத்தர், 'பெஞ்சையாவது குடுப்பா, எடுத்துட்டுப் போறேன்'ங்கறார். 'எங்க போடுவீங்க?'ன்னு கேட்டேன். மனுஷன் சீட்டுக்கட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார்.

அக்கா: உங்களுக்கு வேலை?

வாட்ச்மேன்: காரைப் பாத்துக்கன்னு வச்சாலும் வைப்பாங்க. காருக்கு நான் எதுக்கு? அது என்ன சறுக்குமரத்துலேர்ந்து விழுந்து மண்டைய உடைச்சுக்கப் போகுதா?

தங்கை: யாருமே வேணாம்னு சொல்லலையாண்ணே?

வாட்ச்மேன்: அதுதாம்மா எனக்கும் புரியல. ரெண்டு கூட்டத்துக்கும் நான்தான் நாற்காலி போட்டேன். போட்டுட்டு வெளியில நின்னேன். கை தட்டற சத்தம்தான் கேட்டுச்சு. ரெண்டாவதும் முடிஞ்சு கவுன்சிலர் சிரிச்சுக்கிட்டே வர்றார். 'ஒரே ஒரு ஆள் எதிர்த்திருந்தாலும் வம்பே வேணாம்னு விட்டிருப்பேன்யா, கோர்ட்டுக்குப் போயிட்டா யார் அலையறது? ரெண்டு தெருவுலயும் ஒரு கை பாக்கியில்லாம தூக்கிட்டாங்க'ன்னார்.

தங்கை: ஒரே ஒரு ஆளா...

வாட்ச்மேன்: ஒரே ஆள். எந்தத் தெருவா இருந்தாலும் சரி. நீங்கதான் பாத்திருப்பீங்களேம்மா, முன் வரிசையில சார் பக்கத்துல...

அக்கா: அண்ணே, பாப்பாவ ஊஞ்சல்லேர்ந்து இறக்கி விடுங்களேன். நாங்க சொன்னா இறங்க மாட்டா.

வாட்ச்மேன்: இறக்கறேன், இறக்கறேன். இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடட்டும், பாவம். அதுக்குள்ள நீங்களும்... பேசி முடிங்க.

தங்கை: முன் வரிசையா?

அக்கா: அவர் வேற யாரையோ நெனச்சுக்கிட்டு...

தங்கை: தலைவலின்னியே.

அக்கா: வந்துச்சு. அங்க போய் உட்கார்ந்தப்புறம் வந்துச்சு.

தங்கை: அக்கா.

அக்கா: போனேன்டி. புடவைய மாத்திக்கிட்டு வான்னார், போனேன். வர மாட்டேன்னு சொல்ல முடியுமா? நீ மட்டும் என்ன? ஜுரமாம் ஜுரம். அன்னிக்கு சாயங்காலம் பாப்பா இங்கதான் ஆடிக்கிட்டிருந்தா. நான்தான் தள்ளி விட்டேன்.

தங்கை: தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கல?

அக்கா: நீ ஏன் மறைச்சே, அதைச் சொல்லு.

தங்கை: ...அவர் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். அதுக்கு முன்னாடிதான் ஒரு நாள் கேட்டிருந்தார், 'உனக்கு அந்தப் பார்க் மேல அப்படி என்ன ஆசை?'ன்னு. பேப்பரைக் கீழ இறக்கிட்டுக் கேட்டார்க்கா.

அக்கா: அப்புறம்?

தங்கை: சம்மதம்னா கை தூக்குங்கன்னாங்க. எல்லாரும் தூக்கறாங்க. நான் கைய மடியிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அவர் மெதுவா என் பக்கம் திரும்பறார். நான் பாக்கல, ஆனா அந்தக் கழுத்து திரும்பறது எனக்குத் தெரியுது. தூக்கலன்னா ஏன்னு கேப்பார். கேட்டா எல்லாம் வெளிய வரும். பாப்பாவ...

அக்கா: தூக்கிட்டே.

தங்கை: கை தானாப் போச்சு. இங்க வரணும்னுதான்க்கா தூக்கினேன். பைத்தியக்காரத்தனமா இருக்குல்ல? நாம பாத்துக்கிறது தெரிஞ்சிடக் கூடாதுன்னு, பாத்துக்கிற இடத்தையே...

அக்கா: ம்.

தங்கை: அப்பக்கூட ஒரு தைரியம். நான் தூக்கினா என்ன, அந்தப் பக்கம் அக்கா இருக்கா, அவ தூக்கியிருக்க மாட்டான்னு. ...ஏன் பேசாம இருக்கே? திட்டு. இல்ல, ஒரு கை பாக்கியில்லன்னாரே. அப்ப நீயும்... என்னைப் பாத்துச் சொல்லுக்கா. மாமா உன் பக்கம் திரும்பின பிறகுதானே தூக்கினே?

அக்கா: இல்லடி. அவர் திரும்பறதுக்கு முன்னாடியே... அவங்க கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே. அந்த ஹால்ல முதல் கை என்னோடதுதான். உங்க கூட்டத்துல நீ தூக்கவே மாட்டேன்னு நம்பி.