தம்பி கத்திக்குப் பூசிய கறுப்பு

கத்தியின் பூச்சில் கீறல் விழுந்தால் பதறத் தேவையில்லை, ஐயா. மேஜைமேல் இருக்கும் அந்தக் கத்தியைப் பார்த்து உங்கள் உதவியாளர் உச்சுக்கொட்டினார், அதனால் சொல்கிறேன். உறைக்குள் போய்ப் போய் வந்தாலே பூச்சு தேயும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும், கத்தி காலத்துக்கும் இருக்கும். என் பூச்சுப் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். பிழைக்கத் தெரியாதவன் என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்வார்.

கடலுக்குப் போகிற கத்தி மட்டும் வேறு. உப்புத் தண்ணீர் கீறல் வழியே இறங்கி அடியில் துருவைக் கட்டிவிடும். பழைய பூச்சை முழுக்க உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, பிசுக்கு போகக் கழுவி, புதிதாகப் பூசி, அடுப்பில் இளஞ்சூட்டில் இறுகவிட வேண்டும். என் தம்பியின் இந்தக் கத்திக்கு எத்தனை முறை செய்தேன் என்று நினைவில்லை. கப்பலுக்கு அடியில் முங்கி, விசிறியில் சுற்றிய வலையையும் கயிற்றையும் அறுத்தெடுப்பது அவன் வேலை. கத்தியால் அறுப்பான், நெம்புவான், டின்னும் திறப்பான். பிறகு என் மேஜையில் கொண்டுவந்து போடுவான்.

"அண்ணா, இவன் மூஞ்சி கீறிடுச்சு. கொஞ்சம் பவுடர் போட்டு விடு."

எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் கொண்டுவந்து போட்டான். பள்ளிக்கூடத்தில் உடைத்த ஜன்னல், காதல், கல்யாணம், மாமனாரோடு சண்டை. அப்பா போன பிறகு வளர்த்தது நான்தான். குறை சொல்லவில்லை, நல்ல பிள்ளை. அவனைப் பிடிக்காதவர் கிடையாது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அலுத்துவிட்டது, ஐயா. பட்டறை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. கதவைச் சாத்தினால் அங்கே யாரும் என்னை அண்ணா என்று கூப்பிட மாட்டார்கள்.

போன மாதம் கத்தியோடு வந்தவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"இந்த ஒரு கப்பல்தாண்ணா. அதோட கடலுக்கு முழுக்குப் போட்டுடறேன். அப்புறம் உன்கூடவேதான். ஜன்னல் பக்கமா எனக்கு ஒரு மேஜை போடு."

"உனக்கு இந்த வேலை சரிப்பட்டு வராதுடா."

"நீ கத்துக்குடு. நாள் பூரா பேசிட்டே வேலை பாக்கலாம்."

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பக்கத்துக் கடைக்காரர் எனக்குக் கைகொடுத்தார். எனக்கு எந்தப் படையோடும் சண்டை இல்லை. ஒரு அறையில் தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் பூச்சை உரித்தேன். பிறகு கத்தியைக் காஸ் சுடரில் நெடுநேரம் பிடித்தேன். அளவு மீறிச் சுட்டால் எஃகு பதம் இழந்து நீலம் பாயும். நீலத்தைப் பார்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும், அதனால் மேலே கறுப்பு பூசினேன். விளிம்பைத் தீட்டினேன். காகிதத்தை அழகாகவே வெட்டியது. தடித்த கயிற்றில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் மடங்கிவிடும். இருந்தாலும் அவ்வளவு நல்ல பூச்சை நான் அதற்குமுன் பூசியதில்லை.

வலை அவன் காலில் சுற்றிக்கொண்டது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். கத்தியின் இரண்டு பக்கமும் இருக்கிற கீறலைப் பார்த்தால், காற்று தீரும்வரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

கத்தியை அடையாளம் காட்டத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். ஆமாம், அவன் கத்திதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒன்றை மறைத்து வைக்கவும் தெம்பு வேண்டும், ஐயா. துக்கம் கேட்க வருகிறவர்கள் பட்டறைக்கே வந்துவிடுகிறார்கள், அதே நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். தம்பி மனைவியும் வந்தாள். "உங்களுக்குத் தோள் வலி தாங்கல, ஒத்தையா கிடந்து அல்லாடறீங்கன்னுதான் மாமா, அவர் கடலையே விட்டுட்டு வரேன்னாரு" என்று அழுதாள். இருக்கலாம். என்னிடம் அவன் அப்படிச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். பூச்சு முடிந்த கத்தியை, உரியவர் தடித்த கயிற்றில் தம் கையால் வெட்டிப் பார்த்துத்தான் வாங்கிப் போக வேண்டும். அது என் பட்டறை வழக்கம். அன்றைக்கும் கயிற்றை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். வெட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், நானும் வேறு கத்தி கொடுத்து அனுப்பியிருப்பேன். அவன் கயிற்றைத் தள்ளிவிட்டுச் சிரித்தான். "நீ குடுக்கறதைப் போய் நான் சோதிச்சுப் பாப்பேனாண்ணா?" என்று சொல்லி உறையில் செருகிக்கொண்டான்.

அந்த இடத்தில் தப்பு அவனுடையது, ஐயா.