கண்ணை மூடிக் கேட்ட போட்டுகள்

எண்ணூரிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"கண்ண மூடி மூச்ச கவனிக்கச் சொன்னாங்கடி. நான் கடல்லேர்ந்து வர்ற போட்டுங்கள எண்ணிகினு இருந்தேன்."

"இன்னாடி சொல்ற?"

"மனசு சரியில்லாத பசங்களுக்குன்னு நெட்டுக்குப்பத்துல கிளாஸ் நடத்துறாங்கல்ல? அந்த ஹால் முகத்துவாரத்தாண்டயே கீது. கண்ண மூடினா கரைக்கு வர்ற இஞ்சின் சத்தம் ஒண்ணொண்ணா கேக்குது. இது மாமா போட்டு, இது எதுத்த வூட்டு போட்டு. எங்க நைனா இஞ்சின் மட்டும் வரல."

"மிஸ்ஸாண்ட சொன்னியா?"

"சொன்னேன். சத்தம் வந்தா வரட்டும், போனா போகட்டும், அது பின்னாடி போவாதன்னாங்க. அப்பறம் எல்லாரும் கைய தூக்கி மெதுவா அசைஞ்சாங்க. நான் ஜன்னலாண்ட போய் நின்னுட்டேன்."

"நைனா வந்தாராடி?"

"வந்தாரு. நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சாம். மாமா போட்டுதான் கட்டி இழுத்துகினு வந்துது."

"அப்பறம் இன்னா? நிம்மதியா இரு."

கல்மண்டபம் வந்தது. இறங்க வேண்டிய நான் எழுந்திருக்கவில்லை.

"நேத்து வேற இஞ்சின் மாட்டிட்டாருடி. அந்த சத்தம் எனக்குத் தெரியாது. நாளைக்கு கண்ண மூடினா, எது எங்க நைனான்னு எப்டிக் கண்டுபிடிப்பேன்?"